டாங்கியில் ஒட்டிய சவர்க்காரம்

சண்டை முடிந்த பிறகும் என் கணவர் பிலேந்திரன் வீடு திரும்பவில்லை. சோதனைச் சாவடியில் அவரை மறித்து வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளை மட்டும் திருப்பித் தந்தார்கள். அதில்தான் நான் அரிப்புக் கிராமத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்வந்தேன்.

ஒருநாள் அதில் பெற்றோல் மணந்தது. சிலாவத்துறையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற வஸீரிடம் கொண்டுபோனேன். குழாயில் ஒழுக்கு இல்லை. பெற்றோல் டாங்கியைக் கழற்றிக் கவிழ்த்தார். அடிப்பொருத்தில் ஊசித்துளை, அதன்மேல் சவர்க்காரம்.

“டீச்சர், உடுப்புத் தோய்க்கிறதை டாங்கிக்கும் போடுறீங்களோ?”

“அவர் பூசினது. சண்டை நேரம் ஒட்ட வழியில்லை. சவுக்காரம் தேய்ச்சுத்தான் ஓடினவர்.”

“அது எப்பவோ காய்ஞ்சு உதிர்ந்திருக்கும். இது ஈரமாக் கிடக்கு. பாருங்கோ.”

பார்த்தேன். சவர்க்காரத்தில் பெருவிரல் ஒன்று அழுந்திப் பதிந்திருந்தது. அந்த விரலுக்கு நுனி இல்லை. பிலேந்திரனின் பெருவிரல் நுனியை வலைக்கயிறு அறுத்திருந்தது. வீட்டில் நான் தனியாள். டாங்கியைக் கழற்ற எனக்குத் தெரியாது.

வஸீர் அதைச் சுரண்டி எறிந்துவிட்டுத் துளையை ஒட்டினார்.

“இனி ஒழுகாது. நிம்மதியா ஓடுங்கோ டீச்சர்.”

அது ஒழுகவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு வஸீர் செய்ததைப் பார்த்திருந்தபடி டாங்கியைக் கழற்றி, அதே இடத்தில் ஆணியால் துளை போட்டுத் திரும்பப் பூட்டினேன். சவர்க்காரக் கட்டியை நனைத்து, அவர் கைக்கு எட்டும்படி ஆசனத்தில் வைத்தேன்.

இப்போது ஒவ்வொரு காலையும் மோட்டார் சைக்கிளின் கீழே மணல் பெற்றோலில் நனைந்திருக்கிறது. சவர்க்காரம் வைத்த இடத்திலேயே காய்ந்து கிடக்கிறது. நான் அதை மறுபடி நனைத்து வைக்கிறேன்.