முதல் பத்தி போதும்

மயில்சாமி திருடியது உண்மைதான். விசாரணை தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். குழுவுக்கு இதில் சற்று ஏமாற்றம். அன்றைய கூட்டத்தில் விவாதிக்க மூன்று பொருள்கள். முதல் பொருளே மதியம் வரை இழுக்கும் என்று நம்பி, சாப்பாடு வரச் சொல்லியிருந்தார்கள்.

"அனுப்பினது நீங்கதானே?" என்றார் நிலையத்தின் இயக்குநர் சசிரேகா.

"நானேதானுங்க மேடம்."

"எவ்வளவு நாளா?"

"ஜூன்ல மழை புடிச்சதுல இருந்துங்க."

ஊட்டியில் இருக்கும் அந்த ஆய்வு நிலையம், மஞ்சூருக்கு அப்பால் ஒரு தேயிலைச் சரிவில் ஆறு கம்பங்களை நட்டு, மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகளைப் பொருத்தியிருந்தது. அங்கே டவர் கிடையாது. வாரம் ஒருமுறை ஏறி, கருவிகளில் அளவுகள் பதிவாகும் கார்டுகளைக் கழற்றி வருவது மயில்சாமியின் வேலை. பதினோரு வருடமாக ஒப்பந்த ஊழியர்.

அவர் கருவியின் திரையில் தெரிந்த எண்ணை செல்போனில் படம் எடுத்திருக்கிறார். மஞ்சூர் பஸ் ஸ்டாண்டில் டவர் கிடைத்ததும், கோவையில் வேறோர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் மோனிகாவுக்கு அனுப்பியிருக்கிறார். இதுதான் திருட்டு.

"அந்தப் பொண்ணு நம்பர் உனக்கு எப்படிக் கிடைச்சது?" என்றார் விஞ்ஞானி இளங்குமரன். கம்பங்கள் அவருடைய ஆராய்ச்சிக்காக நட்டவை.

"தை மாசம் மீட்டிங்குக்கு வந்தப்பக் குடுத்துச்சுங்க சார். அவங்ககிட்ட மழைக் கணக்கு, நம்மகிட்ட மண்ணுக் கணக்கு, ரெண்டும் ஒண்ணாச் சேந்தாத்தான் சரிவு எப்ப எறங்கும்னு தெரியும்னு நீங்கதானுங்க போர்டுல எழுதிக் காட்டுனீங்க."

"அது ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு!"

இரு நிறுவனங்களும் தரவுகளைப் பகிர்ந்துகொள்வதற்கான அந்த ஒப்பந்தம், பதினாறு மாதங்களாக முதல் பக்கத்திலேயே நின்றது. தரவு என்றால் என்ன என்பதில் இன்னும் உடன்பாடு எட்டப்படவில்லை.

"வாரம் ஒரு தடவைதானே போகச் சொன்னது? நீ ஏன் தினமும் ஏறினே?"

"மழை வாரம் ஒருக்காவாங்க பெய்யுது?"

யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ஈரம் நாப்பதைத் தாண்டுனா மண்ணு நிக்காதுன்னும் நீங்கதானுங்க சார் சொன்னீங்க."

"அது இன்னும் பிரசுரமாகாத முடிவு, மயில்சாமி."

"மண்ணுக்கு அது தெரியலீங்களே."

ஜூலை பதினைந்தாம் தேதி மூன்றாம் கம்பத்தோடு சரிவு இறங்கியது. கீழே இருந்த தோட்டத் தொழிலாளர் லைன், ஒன்பது வீடுகள், மண்ணுக்குள் போயிற்று.

"ஒரு உயிர்கூடப் போகலை," என்றார் இளங்குமரன். "அப்ப உனக்கு என்ன அவசரம்? நாலு வருஷமா இந்த ஒரு சரிவுக்காகத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன். இப்ப நம்ம எண்ணை வெச்சே அவங்க முதல்ல கட்டுரை எழுதிடுவாங்க."

மயில்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சாட்சி இருக்கு," என்றார் சசிரேகா. மோனிகாவிடமிருந்து வந்த கடிதத்தை எடுத்து, கீழ்ப்பாதியை உள்ளங்கையால் மறைத்தபடி முதல் பத்தியை வாசித்தார்: "உங்கள் களப்பணியாளர் திரு. மயில்சாமி, மூன்றாம் கம்பத்தின் அளவை ஜூலை பதினான்காம் தேதி காலை எங்களுக்கு அனுப்பிவைத்தார்."

வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

மயில்சாமி கருவிப் பெட்டிகளின் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். கார்டுகள் இருந்த பையையும் வைத்தார். ஆனால் நகரவில்லை.

"மேடம், பொண்டாட்டி புள்ளைக்கு ஏதோ பாத்துக்கறனுங்க. அஞ்சாம் கம்பம் நேத்து முப்பத்தெட்டுங்க. அதுக்குக் கீழதான் கொழுந்து பறிக்கிற காளியம்மாளெல்லாம் இருக்குற லைனு. பதினாறு ஊடு. நாளைக்கு யாராச்சும் ஏறிப் பாக்கோணுங்க."

"அந்த எண்ணும் நிலையத்தோடதுதான். வெளியே சொல்ல மாட்டேன்னு இந்தத் தாள்ல எழுதியிருக்கு, கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க."

போட்டார். குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஐவி தலை நிமிர்ந்தார். "மேடம், விசாரணைக் கோப்புல கடிதத்தை முழுசா வெச்சிடட்டுமா?"

"முதல் பத்தி போதும். மீதிதான் இரண்டாவது பொருள். வாசிங்க."

ஐவி வாசித்தார்: "அந்த அளவை எங்கள் மழைக் கணக்கோடு சேர்த்துப் பார்த்துத்தான், தாலுகா அலுவலகத்திடம் சொல்லி அன்றே லைனைக் காலி செய்ய வைத்தோம். முப்பத்தொரு பேர் பிழைத்தார்கள். தயங்காமல் தரவைப் பகிர்ந்த உங்கள் நிலையத்தை, எங்களோடு சேர்த்து தேசிய விருதுக்குப் பரிந்துரைக்க விரும்புகிறோம். தங்கள் சம்மதம் தேவை."

"சம்மதம்," என்றார் சசிரேகா. "ஒருமனதாகன்னு போட்டுக்கோங்க."

இளங்குமரனும் தலையசைத்தார். சாப்பாடு வந்துவிட்டதால் மூன்றாவது பொருளைச் சீக்கிரம் முடித்தார்கள்: மயில்சாமியின் இடத்துக்கு ஆள்.

"இந்த மழையில எவன் மலையேற வருவான்?" என்றார் இளங்குமரன், கை கழுவ எழுந்தபடி.

ஐவி ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'மழைக்காலம் முடிந்ததும் நியமிக்கலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது.'