எட்டிப் பார்க்காத நாத்தனார்

"பத்து நாளாச்சு. உன் நாத்தனார் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாளா?"

துணி மடித்துக்கொண்டே அம்மா கேட்டாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மருமகள் திரும்பினாள். கழுத்தில் ஆபரேஷன் தழும்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது.

"வேலை இருக்கும் அத்தை."

"ரெண்டு தெரு தள்ளி இருக்கறவளுக்கு அப்படி என்ன வேலை? ஆபரேஷனப்ப உன் கட்டிலை விட்டு நகரலை. வீட்டுக்கு வந்ததும் உனக்குத் தலை அலசிவிட்டதும் அவதான். இப்ப அந்தக் கதிர்வீச்சு அயோடின் மருந்தைக் குடிச்சுட்டு வந்தே, ஆளையே காணோம். பழம் வாங்கிட்டு வந்தா, கதவுல மாட்டிட்டு ஓடிடறா."

"பயம் இருக்கத்தானே செய்யும். விடுங்க."

"என்ன பயம்? தைராய்டு புற்றுநோயிலேயே இது சாதுவான வகைன்னு டாக்டரே சொல்லிட்டார். சுரப்பியை எடுத்தாச்சு, மிச்சம் மீதி இருந்தா அயோடின் பார்த்துக்கும். தினம் வெறும் வயித்துல ஒரு மாத்திரை, அப்பப்ப ரத்தப் பரிசோதனை. நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல நல்லா இருக்காங்கன்னார். ஒரு வாரம் போனதும் நான் உன் பக்கத்துல உட்காரலாம்னு சொல்லிட்டாரு. எனக்கு இல்லாத பயம் அவளுக்கா?"

மருமகள் சிரித்தாள். குரலில் இன்னும் கொஞ்சம் கரகரப்பு.

"டாக்டர் சொன்னதுல ஒண்ணை விட்டுட்டீங்களே. ஒரு வருஷத்துக்குக் குழந்தை வேண்டாம்னாரே."

மருமகளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். மாதாமாதம் எதிர்பார்த்து ஏமாந்தவள் இவள்.

அம்மாவின் நெஞ்சில் பாரம் ஏறியது. அந்தப் பாரமெல்லாம் மகள் மேல் கோபமாகத் திரும்பியது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மகள்தான் கதவைத் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"உள்ளே வாம்மா."

"வரலை. நின்னுட்டே கேட்கறேன். உன் அண்ணி என்ன தொத்து வியாதிக்காரியா? என் பொண்ணுக்கு நல்ல புத்தியைக் குடுன்னு தினமும் கடவுள்கிட்ட மன்றாடிட்டு இருக்கேன்டி."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.

திரும்பி வந்தபோது அம்மா உள்ளே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு மாசம். ஆஸ்பத்திரியில ஒரு தாள் குடுத்தாங்க இல்லே, அதுல கர்ப்பமா இருக்கறவங்க மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளியே இருக்கணும்னு போட்டிருந்தது."

"இதைச் சொல்றதுக்கு என்னடி?"

"உன்கிட்ட சொன்னா ஒலிபெருக்கி வெச்ச மாதிரி. அண்ணியை ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லியிருக்காங்க. அவங்க முகத்தைப் பார்த்து நான் எப்படிம்மா சொல்வேன்? ஈரமில்லாதவள்னு நினைச்சாலும் நினைச்சுக்கட்டும். அவங்க மனசு கொஞ்சம் தேறட்டும், நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் நீ மூச்சு விடக்கூடாது."

அம்மா மகளின் தலையைத் தடவினாள். இத்தனை நாள் கடவுளிடம் சொன்ன புகாரையெல்லாம் திரும்பும் வழியில் ஒவ்வொன்றாக வாபஸ் வாங்கினாள்.

"என்ன அத்தை, நல்லா திட்டிட்டு வந்தீங்களா?" மருமகள் கேட்டாள்.

"அவளுக்கு... ஜலதோஷமாம். உனக்கு ஒட்டிக்குமேன்னுதான் வரலையாம். அடுத்த வாரம் வரேன்னிருக்கா."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத அம்மா, மடித்து வைத்த துண்டை உதறி மறுபடியும் மடித்தாள்.

மருமகள் எழுந்து வந்து அந்தத் துண்டை வாங்கி வைத்தாள்.

"அடுத்த வாரம் வேண்டாம் அத்தை, இன்னும் பதினைஞ்சு நாள் போகட்டும். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன், வயித்துல இருக்கற பிள்ளைக்கு அதுதான் நல்லதாம்."