ஓரத்தில் ஓடிய மோட்டா இழை

“ஒரு போர்வையில வந்தா கை தப்பு. நாலுலயும் வந்தா அதுக்கு என்ன பேரு அண்ணே?”

கேட்டவர் நெசவுக்கூடத்தின் சரிபார்ப்பாளர். அவருக்கு அங்கே ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். அவர் காதுபட எவரும் சொன்னதில்லை. ஆயினும் அவருக்கு அது தெரியும். உள்ளூரப் பெருமையும் உண்டு.

எதிரே நின்றவர் நெசவாளர். பதினெட்டு ஆண்டுகளாகப் போர்வைத் தறி அவருடையது. அவர் நெய்த நான்கு போர்வைகள் மேசைமேல் இருந்தன. நான்கும் சாம்பல் நிறம். நான்கும் மெல்லிய சன்ன நூல்.

“ஓரத்துல இருந்து நாலு விரற்கடை தள்ளி, சன்ன இழைக்கு நடுவுல தடியா மோட்டா இழை ஓடியிருக்கு. கண்ணை மூடிக்கிட்டுத் தடவினாலே தட்டுப்படுது.”

“ஆமாங்கம்மா, தட்டுப்படும்.”

“ஆமாவா? சரி, தப்புப் பண்ணினதுதான் பண்ணினீங்க, ஒரே மாதிரியாவது பண்ணக்கூடாதா? ஒண்ணுல ஒரு கோடு, அடுத்ததுல ரெண்டு, அப்புறம் மூணு, நாலு. வாய்ப்பாடு எழுதிப் பழகினீங்களா?”

சுவரோரம் அமர்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண், சிரிப்பை மறைக்க இராட்டையை வேகமாகச் சுற்றினாள்.

“தப்பில்லீங்கம்மா. வாங்குறவங்கதான் வாசல்ல வச்சு...”

“வாசல்ல பேசினது சீட்டுல ஏறாது. சீட்டை நானே படிக்கிறேன், கேளுங்க. போர்வை நாலு. நூல் சன்னம். நிறம் எதுவானாலும் சரி. மோட்டா நூல்னு எங்கேயாவது இருக்கா?”

“இல்லீங்க.”

அந்தச் சீட்டை எழுதியவரும் பூதக்கண்ணாடிதான். பத்து நாளுக்கு முன்பு ஒரு பெண்மணி போர்வைக்குச் சொல்ல வந்திருந்தார். நூல் சிட்டங்களைக் கொண்டுவந்து காட்டியவர் நெசவாளர்.

“மோட்டா நூல்னா வேலை சீக்கிரம் முடியும். ஆனா, மேல மூட்டை ஏத்தி வச்ச மாதிரி கிடக்கும். சன்னத்தை நெருக்கி நெய்தா எடையும் தெரியாது, சூடும் நிக்கும்,” என்று அவர் சொன்னார்.

வந்தவர் ஒவ்வொரு சிட்டத்தையும் விரல்களுக்கிடையே உருட்டி உருட்டி, கால்மணி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, “ஓரத்துல மட்டும்...” என்று தொடங்கினார்.

“ஓரமெல்லாம் நாங்க நேராத்தான் நெய்வோம்,” என்று, தலை நிமிராமல் எழுதியபடியே பேச்சை முடித்துவைத்தார் பூதக்கண்ணாடி. ஒரு நிறத்தைக்கூடச் சொல்லத் தெரியாதவருக்கு ஓரத்தைப் பற்றி என்ன கவலை என்று அவருக்குத் தோன்றியது.

அந்தப் பெண்மணி இன்று போர்வைகளை வாங்க வருகிறார்.

“ஒரு கோடு போட்டதை மட்டும் நானே பிரிச்சு எடுத்துட்டேன்,” என்றார் பூதக்கண்ணாடி. நறுக்கி உருவிய இழைத் துண்டுகள் மேசைமேல் கிடந்தன. “முன்னும் பின்னும் என்னமா நெருக்கி அடிச்சிருக்கீங்க. உருவுறதுக்குள்ள என் நகமே போச்சு. தப்புக்கு இவ்வளவு அக்கறையா?”

நெசவாளர் அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெருக்கி அடிக்கலேன்னா மோட்டா இழை சன்னத்துக்குள்ள நிக்காதுங்கம்மா, நழுவிடும்.”

“பாடம் எனக்கு வேண்டாம். குறைப் புத்தகத்துல நாலையும் எழுதியாச்சு. ‘என் கை தப்பு’ன்னு ஒரு வார்த்தை சொல்லிக் கையெழுத்துப் போடுங்க, இதோட விட்டுடறேன்.”

“அது மட்டும் முடியாதுங்க.”

“அப்படின்னா நாளையில இருந்து மிதியடித் தறிக்குப் போயிடுங்க. அங்கே முழுக்க மோட்டா நூல்தான். ஆசை தீர நெய்யலாம்.”

இராட்டை நின்றது. போர்வைத் தறியிலிருந்து மிதியடித் தறிக்குப் போனவர் திரும்பி வந்ததில்லை. நெசவாளர் சரியென்று தலையசைத்தார்.

வாசற்கதவு திறந்தது. அந்தப் பெண்மணி நிலையைப் பிடித்தபடி உள்ளே வந்தார். நெசவாளர் விரைந்து சென்று, அவரை அழைத்துவந்து, மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பூதக்கண்ணாடி, குறைப் புத்தகத்தில் கண் வைத்தபடியே முந்திக்கொண்டார்.

“மன்னிக்கணும், ஓரத்துல கோடு விழுந்துடுச்சு. ரெண்டு நாள் குடுங்க, மிச்சம் மூணையும் பிரிச்சு...”

“பிரிச்சுடாதீங்க, பிரிச்சுடாதீங்க.” வந்தவரின் கை அதற்குள் போர்வைமேல் இருந்தது. “நாங்க நாலு பேர் ஒரே அறையில இருக்கோம். ஒருத்தி போர்வையை ஒருத்தி போத்திக்கிட்டு தினமும் சண்டை. கால்மாட்டை முகத்துல இழுத்து விட்டுக்கறது வேற. எந்த நிறத்துல நெய்தா எங்களுக்கு என்ன தெரியப்போகுது, சொல்லுங்க. அதான் இந்த அண்ணன், தலைமாட்டுப் பக்கம் கைக்குத் தட்டுப்படுற மாதிரி கோடு போட்டுத் தரேன்னார்.”

விரல்கள் ஒவ்வோர் ஓரமாக ஓடின.

“இது நாலு. இது மூணு. இது ரெண்டு. அப்போ இதுதான் என்னோடது, ஒரு கோடு.” அந்தப் போர்வையின் எல்லா ஓரங்களையும் தடவினார். மீண்டும் தடவினார். “காணோமே.”

அப்போதுதான் பூதக்கண்ணாடி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். அந்தக் கண்கள் தம்மை விட்டு விலகி, வெறும் சுவரை நோக்கியிருப்பதைக் கண்டார்.

“என் கை தப்பும்மா,” என்றார் நெசவாளர். “ஒரு இழை விட்டுப்போச்சு. ஒரு மணி நேரம் உட்காருங்க, ஊசியால கோத்துக் குடுத்துடறேன்.” பிறகு பூதக்கண்ணாடியிடம் கையை நீட்டினார். “புத்தகத்தைக் குடுங்கம்மா. கையெழுத்துப் போட்டுடறேன்.”

பூதக்கண்ணாடி புத்தகத்தைத் தரவில்லை. எழுதியிருந்த நான்கு வரிகளையும் அடித்தார். அவற்றின்கீழ் ஐந்தாவதாக ஒரு வரி எழுதினார். ‘நெய்தவர்’ என்று அச்சிட்டிருந்த சொல்லை அடித்து, ‘பிரித்தவர்’ என்று திருத்தி, தம் கையெழுத்தைப் போட்டார்.