ஒற்றை அட்டை

"ஜன்னலைத் திறங்கப்பா, மூச்சு முட்டுது!"

"திறந்துதான் இருக்கு, டார்லா."

"அப்ப சுவரை இடிங்க!"

கூடமே சிரித்தது. சிரிக்காதவள் ஜோலின் மட்டும்தான்.

ஒஹையோவில் எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் அன்று கால் டாலர் ஏலம். வீடு வீடாகப் பார்ட்டி வைத்துப் பொருள் விற்கும் பெண்கள் ஆளுக்கொரு மேஜை போட்டிருந்தார்கள். ஒருத்தி சமையல் பாத்திரம், ஒருத்தி நகை, ஒருத்தி கைப்பை. ஜோலின் வாசனை மெழுகு. தொழிலுக்குப் புதுசு. ஆர்வக்கோளாறில், கொண்டுவந்த வாசனை அத்தனையையும் ஒரே நேரத்தில் விளக்கில் வைத்து உருக்கிவிட்டாள். ஆப்பிள், பைன் மரம், லாவெண்டர், காப்பி எல்லாம் ஒன்று சேர்ந்து, பேக்கரிக்குள் சோப்பு லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு நெடி.

ஏலம் நடத்தும் லவோன் ஓடிவந்து விளக்குகளை அணைத்தாள்.

"ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் ஏத்தணும் கண்ணு. யாரும் சொல்லித் தரலையா?"

"இல்லீங்க." ஜோலினுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னிக்கு ஒரு பார்ட்டியாவது புக் ஆகலேன்னா எல்லாத்தையும் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடலாம்னு இருக்கேன்."

"அட, இதுக்குப் போயா? என் முதல் ஏலத்துல நான் விக்க வந்த இரும்புச் சட்டியை என் கால் மேலயே போட்டுக்கிட்டேன். நொண்டிக்கிட்டேதான் ஏலம் விட்டேன். மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு வா."

ஏலம் தொடங்கியது. பொருள் வேண்டும் என்பவர்கள் கிண்ணத்தில் கால் டாலரைப் போட்டுவிட்டுத் தங்கள் எண் அட்டையைத் தூக்க வேண்டும். லவோன் வாளிக்குள் கைவிட்டு ஒரு எண்ணை எடுப்பாள். அந்த அட்டை உயர்ந்திருந்தால் பொருள் அவருக்கு. விழுகிற காசெல்லாம் தீயணைப்பு நிலையத்துக்கு. பொருளைக் கொடுத்த பெண்ணுக்கு மிஞ்சுவது, பார்த்து மயங்கி யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் கிடைக்கும் பார்ட்டிதான்.

பாத்திரத்துக்குக் கூடம் முழுக்க அட்டை. கைப்பைக்கு அடிதடி.

"அடுத்து ஜோலினோட மெழுகு விளக்கு! ஆப்பிளும் பட்டையும் கலந்த வாசனை! ஒரே ஒரு கால் டாலர்!"

ஒருத்தரும் அட்டையைத் தொடவில்லை. திடீரென்று எல்லோருக்கும் நாச்சோ சிப்ஸ் தின்பதில் அப்படி ஒரு அக்கறை.

கடைசியில் ஒற்றை அட்டை உயர்ந்தது. பெர்னடீன்.

பெர்னடீனை ஊரே அறியும். தள்ளுபடிக் கூப்பன் இல்லாமல் கடைப்படி மிதிக்கமாட்டாள். ஜோலினின் மேஜையை ஒட்டியே உட்கார்ந்து, சாண்ட்விச்சில் மிளகாய் சாஸைக் கொட்டிக் கொட்டித் தின்றுகொண்டிருந்தவள் அவள்.

"போட்டிக்கு ஆளில்ல. பெர்னடீனுக்கே!"

அடுத்து காப்பி வாசனை. அதற்கும் அவள் அட்டை மட்டும்தான்.

"பாத்தியா?" டார்லா பக்கத்துக்காரியின் காதைக் கடித்தாள். "முப்பது டாலர் சாமானைக் கால் டாலருக்குச் சுருட்டுறா. புதுப் பொண்ணாச்சேன்னு கொஞ்சமாவது இரக்கம் இருக்கா?"

"கேக்குது, டார்லா," என்றாள் பெர்னடீன் திரும்பாமலே. "காது எனக்கு நல்லாத்தான் இருக்கு."

எழுந்து ஜோலினின் மேஜைக்குப் போனாள். ஒரு பாக்கெட்டை எடுத்தாள்.

"இது என்ன கண்ணு?"

"லாவெண்டருங்க."

கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தாள்.

"ஆஹா! அப்படியே எங்க அத்தை வீட்டுத் தோட்டம்! ஏண்டி டார்லா, சூப்பையும் ஐஸ்கிரீமையும் கலந்து குடிச்சிட்டுச் சமைச்சவளையா திட்டுவே? இதைத் தனியா மோந்து பாரு. அப்புறம் சுவரை இடிக்கலாம்."

பிறகு ஜோலினிடம், "வர்ற சனிக்கிழமை என் வீட்டுல ஒரு பார்ட்டி போட்டுக்கோ" என்றாள்.

ஜோலின் வேகமாகத் தலையை ஆட்டினாள்.

"பார்ட்டி வைக்கிறவளுக்கு ஓசியில சாமான் கிடைக்கும்ல, அதான்!" என்று டார்லா முணுமுணுத்தாள். முணுமுணுத்தபடியே வந்து பாக்கெட்டை வாங்கி மூக்கருகே வைத்தாள். இன்னொரு தடவை வைத்தாள்.

"ம்... பரவால்லையே."

அவ்வளவுதான். லாவெண்டர் ஏலத்துக்கு வந்தபோது கூடம் முழுக்க அட்டை. மூச்சு முட்டியவர்கள் எல்லாம் முண்டியடித்தார்கள். கலைவதற்குள் ஜோலினுக்கு நாலைந்து பார்ட்டி புக் ஆகிவிட்டது. டார்லா வீட்டையும் சேர்த்து.

மீந்த நாச்சோவைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள் பெர்னடீன். "என் மெழுகுப் பெட்டியைக் கொஞ்சம் வண்டியில வச்சிடுங்களேன்" என்று உள்ளிருந்தே ஏவினாள்.

"கால் டாலருக்கு வாங்கினதுக்குச் சுமைகூலியும் நாமதான்," என்று சிரித்தபடி லவோன் ஒரு பக்கம் பிடிக்க, ஜோலின் மறுபக்கம் பிடித்தாள். வண்டியில் பெர்னடீனின் கணவர் வெர்லின் காத்திருந்தார். பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"வாசனை மெழுகு. இனிமே உங்க வீடு கமகமன்னு இருக்கும். பெர்னடீனுக்கு வாசனைன்னா இவ்வளவு உயிர்னு எனக்குத் தெரியாமப் போச்சே!" என்றாள் லவோன்.

வெர்லின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாசனையா? அவளுக்கா? போன வருஷம் காய்ச்சல் வந்து போனதிலேர்ந்து, பால் திரிஞ்சிருச்சான்னுகூட நான்தானேம்மா மோந்து பாத்துச் சொல்றேன்!"