குரலுக்கு உரியவர்

“புதுச் சட்டம் வந்து முழுசா ஒரு மாசம்கூட ஆகலைம்மா. அடுத்தவங்க குரலைக் கம்ப்யூட்டர்ல போலியா செஞ்சா மூணு வருஷம் ஜெயில். ஆப் கம்பெனியே உங்க பேரை அனுப்பியிருக்கு” என்றார் இன்ஸ்பெக்டர்.

டெய்லரம்மா கைப்பையை இறுக்கிக்கொண்டாள். “யாரையும் ஏமாத்தலை சார். என் வீட்டுக்காரர் குரல்தான். நான் மட்டும்தான் கேப்பேன்.”

“என்ன பேசும்?”

“சாப்பிட்டியா, முட்டிவலி தேவலையான்னு கேக்கும். அவ்வளவுதான்.”

இன்ஸ்பெக்டரின் மிடுக்கு இளகியது. “புரியுதும்மா. குரலுக்கு உரியவர் சம்மதிச்சிருந்தா கேஸே இல்லை. அவர் உயிரோட இல்லாத பட்சத்துல மனைவி கையெழுத்து போதும். இறப்புச் சான்றிதழ் கொண்டாந்திருக்கீங்களா?”

“ஐயோ, வாயைக் கழுவுங்க சார்! வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கார்.”

இன்ஸ்பெக்டர் வாசல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார். “அவரோட குரல் எப்படிக் கிடைச்சுது?”

“சிநேகிதங்ககிட்ட போன்ல மணிக்கணக்கா பேசுவார் சார். கதவுக்குப் பின்னாடி நின்னு பதிவு பண்ணேன்.”

கணவர் உள்ளே வந்தார். நீட்டிய தாளில், எதற்கென்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

“முழு சம்மதம்தானே?”

“ம்.”

திரும்பும் வழியெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை. ஸ்கூட்டரில் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள், இயர்போனை மாட்டிக்கொண்டு, ‘போலீஸ் ஸ்டேஷன் போய்ட்டுத் திரும்பி வந்துட்டிருக்கேங்க’ என்று போனில் தட்டினாள்.

“அடடா, ரொம்பப் பயந்துட்டியா?” என்று கேட்டது அவர் குரல்.