கஞ்சியில் மிதந்த தழை

கிண்ணத்தில் மிதந்த தழையைக் கண்டதும் அச்சுக்கூடம் வைத்திருந்த வைட்டுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அவன் அச்சடித்த மூலிகைப் புத்தகத்தில் ஹெம்லாக் என்ற நச்சுச்செடிக்கு இருந்த படம் இதேதான்.

"அப்பல்லோனியா, மொதல்ல நீ குடி."

"ஏன், ஈ விழுந்துருச்சா?"

"குடிடின்னா!"

'நீ செத்தாத்தான்யா எனக்கு விடிவு' என்று நேற்றைய சண்டையில் கத்தியவள் அவள். புருஷன் போனால் ஆக்ஸ்பர்க் நகரத்தில் அச்சுக்கூடம் பெண்டாட்டிக்குத்தான்.

அவள் அவனை முறைத்துக்கொண்டே பாதிக் கஞ்சியைக் குடித்தாள். தழையையும் மென்று விழுங்கினாள்.

"போதுமா? வயித்துவலின்னு மொனகுனியே, அதுக்குச் சீரகத்தழை போட்டேன். வெசம் வைப்பேன்னு நெனச்சியாக்கும்?"

வைட்டுக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை.

"சந்தையில சீரகம் வாங்குறவ நீ. செடி ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒன் புஸ்தகத்தப் பாத்துத்தான்யா ஆத்தோரத்துல தேடிப் பறிச்சேன். சீரகத்துக்கு நீ போட்ட படம் அச்சு அசல் இதேதான்."

வைட்டுக்கு முகம் வெளுத்தது. இன்னொரு படக்கட்டை செதுக்கக் கூலி எதற்கு என்று, ஹெம்லாக் கட்டையையே சீரகப் பக்கத்திலும் மை தடவி அழுத்தியிருந்தான். ஊரில் எல்லா அச்சுக்காரனும் செய்வதுதான்.

பாய்ந்து அவள் தலையைப் பிடித்து, மை படிந்த விரல்களைத் தொண்டைக்குள் விட்டான்.

"கக்குடி! எல்லாத்தையும் கக்கிரு, தாயே!"