அர்த்தம் ஒன்றுதான்

"'செத்தார்'ங்கிறத மாத்துங்கம்மா. கேக்கவே ஒரு மாதிரி இருக்குது" என்றார் கோதண்டபாணி.

அன்னமேரி கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "'காலமானார்' போடவா சார், 'இயற்கை எய்தினார்' போடவா?" அஞ்சலி நோட்டீஸ் அடித்து அடித்து அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி.

"'காலமானார்' போதும்."

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு எதிரே இருந்தது அவளுடைய டிடிபி கடை. தலைமை அலுவலகத்திலிருந்து நேற்றுதான் வந்திறங்கிய மேனேஜர் கோதண்டபாணி, ஒரு தாளும் ஸ்டாம்பு பேடும் கொண்டுவந்திருந்தார். சூளையில் இறந்துபோன தொழிலாளியின் மனைவி கொடுப்பதுபோல ஒரு வாக்குமூலம். கூட வேலை பார்த்தவர் எழுதிக் கொடுத்தது. பாவி மனுஷன், நடந்ததை நடந்தபடியே எழுதித் தொலைத்திருந்தார்.

அன்னமேரி முதலில் அதை அப்படியே அடித்து முடித்திருந்தாள். இறந்தவர் பெயரான லாரன்ஸை மட்டும் தாளைப் பார்க்காமலே அடித்தாள்.

"அடுத்தது பாருங்க. 'சூளை ஆறும் முன்பே கதவைத் திறக்கச் சொல்லி மிரட்டினார்கள்.' மிரட்டினார்கள் வேணாம். 'கேட்டுக்கொண்டார்கள்'னு போடுங்க."

"போட்டாச்சு சார்."

"'வெந்து'ன்னு இருக்குதே, அதுக்கு?"

"'காயமடைந்து'ன்னு போடலாம் சார்."

"கெட்டிக்காரம்மா நீங்க. அர்த்தம் ஒண்ணுதான், வார்த்தைதானே வேற!"

கோபம் வரவேண்டிய இடம். அவளுக்கு ஒன்றுமே வரவில்லை. கொஞ்ச நாளாகவே எதுவும் உறைப்பதில்லை. காலையில் டீ நாக்கைச் சுட்டதுகூடத் தெரியவில்லை.

"அந்தம்மா இதுல கையெழுத்துப் போடணுமே சார்?"

"ரெக்கார்டுல நல்லூர் அட்ரஸ் இருக்குது. சாயங்காலம் போறேன். சூளை வேலைக்காரன் பொண்டாட்டி, எழுதப் படிக்கவா தெரியப்போவுது? கைநாட்டு வாங்கிட்டா கேஸு முடிஞ்சுது." ஸ்டாம்பு பேடைத் திறந்து காட்டினார்.

போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். திரும்பி வந்தபோது, அடித்த தாள் மேசைமேல் தயாராக இருந்தது.

எடுத்துப் படித்தார். மிரட்டினார்கள், வெந்து, செத்தார். மாற்றச் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. போதாததற்கு அடியில் நீல மையில் ஒரு கையெழுத்து. இன்னும் ஈரம் காயவில்லை.

"என்னம்மா இது? இதுல நீங்க எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

அன்னமேரி ஸ்டாம்பு பேடை மூடி அவர் பக்கம் நகர்த்தினாள். அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"லாரன்ஸு பொண்டாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியும் சார்."